சாவிக்கொத்துக் கதை

மே 10

வெயில். அக்னி நட்சத்திரம் இன்னும் முடியலை. பந்தல் தகரம் காலை எட்டு மணிக்கே சுடுது. நான் பாடம் எடுக்குற காலேஜுக்கும் லீவு, அதனால சாக்குச் சொல்லவும் வழியில்ல. கருமாதி முடியுற வரைக்கும் ஊர்லதான். இவரும் பாப்பாவும் நேத்தே திருச்சிக்குப் போயாச்சு.

தாத்தா போய் ஒரு வாரம் ஆகப் போகுது. கேதம் கேக்க வர்றவங்க செருப்பைக் கழட்டும்போது மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றாங்க. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சதும் "ஒருதடவை ஒங்க தாத்தா பஸ்ஸுல என்ன பண்ணாருன்னா"ன்னு ஆரம்பிச்சிர்றாங்க. கண்டக்டர் செத்தா இப்படித்தான் போல. ஏறி எறங்குன அத்தனை பேரும் ஆளுக்கொரு கதையோட வர்றாங்க. நேத்து ஒரு அம்மா சிரிச்சுச் சிரிச்சு, போகும்போது ஞாபகம் வந்து வாசப்படியில நின்னு ஒரு அழுகை அழுதுட்டுப் போச்சு. கடமை.

பாக்கி வேலை:
ஃப்ளெக்ஸுக்கு போட்டோ.
மைக் செட்காரர், அட்வான்ஸ் அப்பா பாத்துக்குவார்.
என் ஜாக்கெட் ரெண்டு, அத்தைகிட்ட பிரிச்சுத் தைக்கக் குடுக்கணும். வருசத்துக்கு ஒரு சுத்து பெருக்குறேன்.
பேச்சு!!

ஆமா, நான்தான் பேசணுமாம். கருமாதி அன்னிக்கு படத்திறப்பு வச்சிருக்காங்க, அதுல. சிங்கப்பூர் சித்தப்பா போன்ல: "வேற எவன் பேசுனாலும் நல்லவர் வல்லவர்னு அறுப்பான். நீ பேசு. சனம் சிரிக்கணும். எங்கப்பா படத்தை சிரிச்சுக்கிட்டே தொறக்கணும்." சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கலை, சாவுக்கும் வரலை, கருமாதிக்கும் வர்றதா இல்ல. ஆர்டர் மட்டும் வருது.

எனக்கும் ஆசைதான். பொய் எதுக்கு? தாத்தா எல்லார் முன்னாடியும் சொல்லுவார், "என் வாய் இவளுக்குத்தான் எழுதி வச்சிருக்கு"ன்னு. பேரன் பேத்தி எத்தனை பேர் இருந்தாலும் எனக்குத்தான்.

மே 11

போட்டோ பிரச்சினை. தாத்தா சிரிக்காம இருக்குற படம் ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் வாய் காது வரைக்கும், உள்ள மேல்வரிசையில ஒரே ஒரு பல். அப்பாவுக்குக் கோவம். "கண்ணீர் அஞ்சலின்னு போட்டு, கீழ இப்படி இளிச்சுக்கிட்டு இருந்தா பாக்குறவன் என்ன நெனப்பான்? சாவு வீடா, சபா கச்சேரியா?" கடைசியில ரேஷன் கார்டுல இருந்த படத்தைப் பெருசு பண்ணச் சொன்னார். வந்ததைப் பாத்தா தேடப்படும் குற்றவாளி மாதிரி இருந்துச்சு. திரும்ப இளிப்புப் படமே.

ராத்திரிக்கு சோறு, ரசம், கீரை. அத்தை சமையல். அத்தைன்னா அப்பாவோட தங்கச்சி, மீனாட்சி. கல்யாணம் ஆகலை. தாத்தா படுக்கையில விழுந்த ரெண்டு வருசமும் இவங்கதான் எல்லாம். திருப்பிப் போட்டு, தொடைச்சு, ஊட்டி விட்டு. இப்ப வீட்ல அவங்களுக்கு வேலை இல்ல. கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம அடுப்பையே ரெண்டு தடவை மெழுகுறாங்க. பாக்க எரிச்சலா இருக்கு.

மே 12

கதை சேக்குறேன். இன்னிக்கு அம்மா.

கல்யாணமாகி வந்த மறுநாள் அம்மா சாம்பார் வச்சிருக்காங்க. கொஞ்சம் தண்ணி. தாத்தா எலை முன்னாடி வந்து, உக்காராம, வேட்டிய மொழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டினாராம். என்ன மாமான்னு அம்மா கேக்க, "கொளத்துல எறங்குறோம்ல மருமகளே, நனையாம இருக்கணும்ல." மொத்தப் பந்தியும் சிரிச்சிருக்கு.

அம்மாவும் நல்லா சிரிச்சாங்க சொல்லும்போது. யோசிச்சுப் பாத்தா எங்க வீட்ல சாம்பாரே கெடையாது. அம்மா வைக்கிறது கரண்டி நிக்கிற பருப்பு. இத்தனை வருசமா அது அம்மா கைப்பக்குவம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆஸ்பத்திரிக் கதை நான் நேர்ல பாத்தது. நர்ஸ் பொண்ணு நரம்பு தேடி நாலு எடத்துல குத்திருச்சு, ரத்தம் வரலை. பாவம், புதுசு, கண்ணு கலங்கிருச்சு. தாத்தா: "விட்ரு தாயி. இது புதுக்கோட்டை ஜில்லா. ஆயிரம் அடி போர் போட்டாலும் இங்க தண்ணி வராது." அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்புல பெரிய நர்ஸ் வந்து அதை வஞ்சிட்டுப் போச்சு. இது கண்டிப்பா பேச்சுல உண்டு.

சித்தன்னவாசலுக்குப் போன வெளியூர்க்காரங்க கதையும். "அங்க என்னங்க விசேசம்?" "சாமியாருக துணி இல்லாம கல்லுமேல படுத்திருந்த எடம் சார். மே மாசம் வந்திருக்கீங்க, ஏன்னு ஒங்களுக்கே புரியும்."

அத்தைகிட்ட ஜாக்கெட்டைக் குடுத்தேன். "எவ்வளவு பிரிக்கணும்?"னு கேட்டு அளந்து பாத்தாங்க, ஒண்ணும் சொல்லலை. தாத்தாவா இருந்தா ஒரு வாரத்துக்கு என்னை வச்சுச் செஞ்சிருப்பார். அது இல்லாததுதான் கஷ்டமா இருக்கு.

மே 13

கீரனூர் போனேன். மாணிக்கம் டிரைவர், தாத்தாவோட ஒரே வண்டியில ரொம்ப வருசம் ஓட்டினவர், இப்ப சும்மா இருக்கார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்கார வச்சு அள்ளி விட்டார்.

வண்டி நின்னு போச்சு, எல்லாரும் எறங்கித் தள்ளுங்கன்னு சொல்லியிருக்காங்க. பின்னாடி சீட்ல நல்லா பருத்த ஆளு ஒருத்தர் வேட்டிய மடிச்சுக்கிட்டு எந்திரிச்சிருக்கார். தாத்தா: "அண்ணே, நீங்க தள்ள வேணாம். நீங்க எறங்கினாலே போதும், வண்டி தானா கெளம்பிரும்."

அடுத்தது சுப்பையா கதை. பக்கத்து ஊர்க்காரர், திக்குவாய். டிக்கெட் எடுக்க ஊர் பேரை ஆரம்பிச்சா முடிக்கிறதுக்குள்ள ரெண்டு ஸ்டாப் போயிருமாம். தாத்தா என்ன பண்ணுவார்னா, விசில் அடிச்சு வண்டிய நிறுத்தி, "எல்லாரும் எறங்கி டீ குடிச்சுட்டு வாங்கப்பா, சுப்பையா ஊர் பேர் சொல்றார்"ன்னு அறிவிப்பாராம். தெனமும். மாணிக்கம் டிரைவர் டீ சிந்திக்கிட்டுச் சிரிச்சார்.

"அப்பறம் அவரு என்ன பண்ணாரு?"

"எவரு?"

"சுப்பையா."

"சைக்கிள்ல போக ஆரம்பிச்சுட்டார்மா. பன்னெண்டு மைலு. ஒடம்புக்கு நல்லதுதானே."

அதையும் சொல்லணும். அந்த முடிவுதான் வெடி.

கெளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார், "சாவிக்கொத்துக் கதைய கடைசியா வையி. அதை முன்னாடி சொல்லிட்டா அப்பறம் எதுவும் எடுபடாது. அதான் ஒங்க தாத்தாவோட டாப்பு."

தெரியும். எனக்குத் தெரியாதா?

மே 14

அத்தை கேட்டுட்டாங்க.

மத்தியானம். மெத்தை தலகாணியெல்லாம் அன்னிக்கே எறிஞ்சாச்சு, தாத்தாவோட இரும்புக் கட்டில் மட்டும் பாக்கி. பின்பக்கம் போட்டு அத்தை கழுவிக்கிட்டு இருந்தாங்க. நான் நுங்கு தின்னுக்கிட்டு நின்னேன்.

"நீ பேசப் போறியாமே."

"ஆமா அத்தை."

"எல்லாத்தையும் சொல்லு. அதை மட்டும் விட்ரு."

"எதை அத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

நுங்குத் தண்ணி முழங்கை வரைக்கும் வழிஞ்சுச்சு. அத்தை சேலைத் தலைப்பால தொடச்சு விட்டாங்க, சின்னப் புள்ளைக்கு மாதிரி. "எனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்லத்தா ஒங்க யார்கிட்டயும். இது ஒண்ணு."

"சரி அத்தை. சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கதை இதுதான். அத்தைக்கு அப்ப இருபத்தி மூணோ நாலோ. ஆவுடையார்கோவில் பக்கமிருந்து பொண்ணு பாக்க வந்திருக்காங்க. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அத்தைக்குப் பிடிச்சிருந்துச்சாம், அம்மா சொல்லித்தான் தெரியும். காப்பித் தட்டைத் தூக்கிக்கிட்டு வரும்போது கை நடுக்கம். டம்ளரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு கிடுகிடுன்னு சத்தம். எல்லாரும் பேச்சை நிறுத்திட்டுத் தட்டையே பாக்குறாங்க. வேற அப்பனா இருந்தா எந்திரிச்சுப் போய் தட்டைக் கையில வாங்கியிருப்பான். தாத்தா, மாப்பிள்ளையோட அப்பா காதுகிட்ட குனிஞ்சு, ரகசியம் சொல்ற மாதிரி, ஆனா மொத்தக் கூடத்துக்கும் கேக்குற மாதிரி, "பயப்படாதீங்க சம்பந்தி. வந்தா ரெண்டு நிமிசம், தானா அடங்கிரும். சீர்வரிசையோட ஒரு சாவிக்கொத்தும் சேத்துக் குடுத்து விட்ர்றேன்."

வலிப்பு வந்தா கையில இரும்பைத் திணிப்பாங்கல்ல, அந்தச் சாவிக்கொத்து.

கூடமே அதிர்ந்துச்சாம். மாப்பிள்ளையோட அப்பாவுக்குப் பொரையேறி, தலையில தட்டி, தண்ணி குடுத்து, ஒரே கலாட்டா. மாப்பிள்ளையும் சிரிச்சிருக்கார். கேசரி தின்னுட்டு, ஊருக்குப் போய் தகவல் சொல்றோம்னு கெளம்பிட்டாங்க. தகவல் வரலை. கொஞ்ச நாள் கழிச்சு தரகர் வந்தார். "பொண்ணுக்கு வலிப்பாமே? பெத்தவரே வாயால சொன்னாராமே."

அப்பா அப்பவே தாத்தாவைக் கெஞ்சியிருக்கார், "ஒரு எட்டு போய், வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிட்டு வாங்கப்பா"ன்னு. தாத்தா போகலை. "சிரிச்சதுக்கு வெளக்கம் குடுத்தா அப்பறம் அது என்னடா சிரிப்பு?" அந்தப் பக்கத்துல இருந்து யாரும் வரலை. அப்பறம் இந்தப் பக்கத்துல இருந்தும் வரலை. வலிப்பெல்லாம் இல்லைன்னு நல்லாத் தெரிஞ்சவங்களும் "நமக்கெதுக்கு"ன்னு ஒதுங்கிட்டாங்க.

தீபாவளி, பொங்கல், யாராச்சும் விருந்தாளி வந்தா தாத்தா இதைச் சொல்லுவார். தட்டு வர்ற எடத்துல நிறுத்தி, உள்ள பாத்துக் கூப்பிடுவார், "ஏ புள்ள, அந்தத் தட்டைக் கொண்டா." அத்தை தட்டுல காலி டம்ளர் வச்சுக் கொண்டாந்து ஆட்டிக் காட்டுவாங்க. நாங்க வாண்டுகள்லாம் வரிசையா உக்காந்து கை தட்டுவோம். அத்தையும் சிரிப்பாங்க. சிரிச்சாங்கன்னுதான் ஞாபகம்.

எழுதும்போதே சிரிப்பு வருது எனக்கு. சிரிப்பு வர்ற கதைதானே. என்ன செய்யச் சொல்றீங்க.

சத்தியம் பண்ணியாச்சு. வேற முடிவு தேடணும்.

மே 16

நேத்து எழுதலை. வயிறு சரியில்ல, நுங்கு.

குளிக்கும்போது அழுகை வந்துச்சு. காரணம் ஒண்ணும் பெருசா இல்ல. சோப்பு டப்பாவுல தாத்தாவோட கரைஞ்ச துண்டு சோப்பு ஒட்டிக் கெடந்துச்சு, அவ்வளவுதான். பத்து நிமிசம் பைப்பைத் திறந்து விட்டுட்டு அழுதேன். என்னை அந்த மாதிரி யாரும் ரசிச்சதில்ல. நான் ஒரு வார்த்தை பதிலுக்குப் போட்டா, "அட்றா சக்கை"ன்னு தொடையத் தட்டுவார். இவருகிட்ட ஜோக் சொன்னா "ம்"ங்கிறார்.

மொட்டை மாடியில பேசிப் பாத்தேன். போர்வெல் நல்லா வருது. வேட்டி மடிப்பு நல்லா வருது. சுப்பையா பிரமாதம். முடிவு மட்டும் சப்புன்னு இருக்கு. எதை வச்சாலும் சப்புன்னுதான் இருக்கு.

மே 18

உறவு பூரா வந்தாச்சு. பாத்ரூமுக்கு வரிசை. ஜாக்கெட் தைச்சு வந்துருச்சு, அளவு அத்தனை கச்சிதம். அத்தை உள்பக்கம் தையல் விட்டு வச்சிருக்காங்க, அடுத்த வருசம் பிரிச்சுக்கலாமாம்.

வந்தவங்க ஒவ்வொருத்தரும் "என்ன, நாளைக்கு சாவிக்கொத்து உண்டுல்ல?" நான் சிரிச்சு மழுப்பினேன். அத்தை பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிந்து என்னைப் பாத்து லேசா ஒரு தலையாட்டு, "நீ இருக்க, பயமில்ல"ங்கிற மாதிரி.

எனக்கு உள்ளுக்குள்ள கடுப்பு. எல்லாரையும் விட்டுட்டு என்னைப் போய் ஏன் நம்பணும்?

மே 19

முடிஞ்சது. வரிசையா எழுதிர்றேன்.

காலையில சடங்கெல்லாம் ஆச்சு. அப்பாவுக்கு மாமன் வீட்டுக்காரங்க உருமா கட்டினாங்க, தலைப்பாகை கண்ணு வரைக்கும் எறங்கிருச்சு. அப்பறம் பந்தல்ல படத்திறப்பு. கூட்டம் நெறைய. ஃப்ளெக்ஸ்ல தாத்தா அந்த ஒத்தப் பல்லோட எல்லாரையும் பாத்து இளிச்சுக்கிட்டு.

எனக்கு முன்னாடி ரெண்டு பேர் பேசினாங்க. நல்லவர், வல்லவர். சனம் செல்போனை நோண்டுச்சு. அப்பறம் நான்.

போர்வெல்லுக்கு நல்ல சிரிப்பு. சாம்பாருக்கு அதைவிட. அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க. சித்தன்னவாசல் ஓகே. அப்பறம் சுப்பையா. திக்குறதையும் செஞ்சு காட்டினேன், தாத்தா மாதிரியே. ரெண்டு பேர் சிரிச்சு, சட்டுன்னு அடங்கிருச்சு. என்னன்னு பாத்தா, முன்னாடி இருந்து யாரோ "சுப்பையா வந்திருக்காரும்மா"ன்னு மெதுவாச் சொன்னாங்க, மூணாவது வரிசையில அவரே உக்காந்திருக்கார். வயசாகி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில மாலையோட. நான் அவரைப் பாத்ததே இல்ல, எனக்கெப்படித் தெரியும்? மனுசன் எந்திரிச்சு, மாலையைச் சேர் மேல வச்சுட்டு, மெதுவா நடந்து போயிட்டார். ஒருத்தரும் தடுக்கலை.

பந்தல் பூரா சைலன்ட். மைக் மட்டும் கொய்யுங்குது. இப்படியே எறங்கினா அவ்வளவுதான், தாத்தாவோட வாய் என்கிட்ட இல்லைன்னு ஊருக்கே தெரிஞ்சிரும். பின்னாடி இருந்து மாணிக்கம் டிரைவர், "சாவிக்கொத்து! சாவிக்கொத்தச் சொல்லு தாயி!" இன்னொருத்தர், "அதைச் சொல்லும்மா!" கை தட்டுறாங்க.

அத்தை பந்தல் காலுகிட்ட நின்னாங்க. வந்தவங்களுக்கு மோர் குடுத்துக்கிட்டு. தட்டு, டம்ளர்.

சொன்னேன்.

எப்படிச் சொன்னேன்னு எனக்கே ஆச்சரியம். ஒரு வார்த்தை பெசகலை. குனிஞ்சு ரகசியம் சொல்ற எடத்துல மைக்கைக் கிட்டக்கப் பிடிச்சேன். அதுக்கு முன்னாடி, தட்டு வர்ற எடத்துல, தாத்தா மாதிரியே நிறுத்தினேன். தாத்தா குரல் தானா வந்துச்சு. "ஏ புள்ள, அந்தத் தட்டைக் கொண்டா."

எல்லாத் தலையும் திரும்புச்சு. அத்தை என்னைப் பாத்தாங்க. அப்பறம் ஆட்டினாங்க. மோர் டம்ளரெல்லாம் கிடுகிடுன்னு இடிச்சு, சேலை பூரா மோர். சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. அப்பாவும். எங்க அப்பாவும்தான். கைதட்டு அடங்க ரொம்ப நேரம் ஆச்சு. அதோட படத்தைத் தொறந்தாங்க.

எறங்கினதும் ஆளாளுக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "கண்டக்டர் சாகலைம்மா. நீ இருக்கேல்ல." அதைக் கேக்கத்தான் நான் பொறந்தேன்னு இருந்துச்சு. எழுதிட்டேன், யாரும் படிக்கப் போறதில்ல.

கறிச்சோறு. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 20

காலையில வெயிலுக்கு முன்னாடியே அத்தை பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தாங்க. வாடகைப் பாத்திரம், திருப்பணும். நானும் உக்காந்து ஒரு அண்டாவை இழுத்து வச்சுக்கிட்டேன். "சாரி அத்தை, சனம் கேட்டுச்சு"ன்னேன்.

"நல்லாத்தான் பேசுனே."

"கோவமா?"

அண்டாவுக்குள்ள தலைய விட்டுத் தேச்சுக்கிட்டே பேசினாங்க, குரல் உள்ள இருந்து வந்துச்சு.

"நான் எங்கப்பாவை நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். மூஞ்சி சுளிச்சதில்ல. ஊர்ல எல்லாரும் தெய்வம்னாங்க. தெய்வமும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு நாளும் அவரைத் தொடைக்கும்போது நெனச்சுக்குவேன், இந்த வாய் மூடிருச்சுன்னா அந்தக் கதையும் மூடிரும்னு. அவருக்கு எம்பது தாண்டிருச்சு. இன்னும் எத்தனை நாளைக்குன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அண்டாவைக் கவுத்தி வச்சாங்க. என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி.

"ஒனக்கு என்னாடி வயசு? முப்பத்தி மூணா? நல்ல ஒடம்பு வேற. நான் போய்ச் சேந்தப்பறமும் சொல்லிக்கிட்டு இருப்பே."

அடுத்த பாத்திரத்தை எடுத்துட்டாங்க. நான் தேச்ச அண்டாவையே திரும்பத் தேச்சேன்.

மே 21

திருச்சி. வந்ததும் துணி ஊறப் போட்டேன். வெயில்ல ஓடியாடி பாப்பாவுக்கு வேர்க்குரு, பவுடர் வாங்கணும். கேஸ் புக் பண்ணணும். நான் கெளம்பும்போது அத்தை கூடத்துக்கு வரலை, தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

காலையில பூரா மனசு சரியில்ல. இனி செத்தாலும் அந்தக் கதைய வாயால எடுக்குறதில்லைன்னு இவருகிட்ட சொன்னேன். "ம்"ன்னார்.

சாயங்காலம் சித்தப்பா வீடியோ கால். ரூம்ல பத்துப் பேர், எல்லாம் நம்ம பக்கத்துப் பசங்க, பாயில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. "வீடியோ பாத்தோம், பாதியில மைக் கொய்யுன்னு இரைஞ்சு ஒண்ணும் கேக்கலை. இவனுக நம்ப மாட்டேங்கிறானுக, பெத்த மகளை எவனாச்சும் அப்படிச் சொல்லுவானான்னு. ஒருதடவை சொல்லும்மா. எங்கப்பன் சாவுக்குத்தான் வர முடியலை, அவர் கதையையாச்சும் கேக்குறேன்." சித்தப்பா கண்ணு கலங்கியிருந்துச்சு. பசங்க போனைச் சுத்தி நெருங்கி உக்காந்தாங்க.

வேணாம் சித்தப்பான்னேன். இன்னொரு நாள்னேன். "சும்மா சொல்லு தாயி, நீ சொன்னா அவரே சொல்ற மாதிரி இருக்கு"ன்னார்.

பாப்பாவைக் கூப்பிட்டு ஒரு தட்டும் ரெண்டு டம்ளரும் எடுத்துட்டு வரச் சொன்னேன்.